லிஃப்ட்காரர் பேசுகிறார்

ஜனவரி 8

என்றும் அன்புள்ள உங்களுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நானும் மகளும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன், பதில் இல்லை. போனில் கேட்டால், அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று "ம்" என்கிறீர்கள். கடிதத்திலாவது வாய் திறப்பீர்கள் என்று பார்த்தால், போன கடிதத்தில் பாதி வெயில், மீதி லிஃப்ட்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், ஆகஸ்டோடு கான்ட்ராக்ட் முடிகிறது, அதன்பிறகு இன்னும் தூரத்தில் ஒரு நாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து சாமி கும்பிடும்போதுகூட மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இங்கேயே உங்களுக்கு ஒரு வேலை கிடைக்காதா என்று மகளிடம் புலம்பினேன். அவள் சொன்னாள்: "அம்மா, இப்பல்லாம் ஆள் தேடறதே நெட்லதான். வேலை பார்க்கிறவங்களுக்குன்னே ஒரு தளம் இருக்கு. அதுல இல்லாதவங்க உலகத்துல இருக்கறதே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஒரு பிராண்ட் வேணும்மா."

சோப்புக்கும் டீத்தூளுக்கும்தான் பிராண்ட் என்று இவ்வளவு நாள் இருந்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பேரில் ப்ரொஃபைல் திறந்துவிட்டோம். படம் கேட்டது. பாஸ்போர்ட் படத்தில் நீங்கள் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறீர்கள். அதனால் உங்கள் அறையில் இருக்கும் வெல்டர் எடுத்து அனுப்பினாரே, லிஃப்ட் குழிக்குள் டார்ச்சோடு குனிந்திருக்கும் படம், அதைப் போட்டோம். முகம் பாதிதான் தெரிகிறது. "இருக்கட்டும்மா, அப்பதான் யாருன்னு பார்ப்பாங்க" என்றாள். சாதனைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லிப் போடச் சொன்னேன்: "இத்தனை வருஷ வேலையில் பத்து விரலும் பத்திரம்." உங்கள் தொழிலில் அது சாதனைதானே?

வாரம் ஒரு பதிவு எழுத வேண்டுமாம். அதெல்லாம் உங்களுக்கு ஆகிற காரியமில்லை. நீங்கள் லிஃப்டைப் பற்றி எழுதுவதை வைத்து உங்கள் பேரில் நானே எழுதுகிறேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
கணக்கம்மா


ஜனவரி 27

கணக்கம்மாவுக்கு,

முதுகு பரவாயில்லை.

வெல்டர் ப்ரொஃபைலைக் காட்டினான். எனக்கு எதற்கு இதெல்லாம். திறந்துவிட்டாய், இருக்கட்டும்.

எழுதுவதாக இருந்தால் தப்பில்லாமல் எழுது. லிஃப்ட் நின்றால் எல்லோரும் மோட்டார், கயிறு என்று மேலே பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு கதவில்தான். கதவு ஓடும் தடத்தில் ஒரு சின்னக் கல் கிடந்தால் போதும். கதவு முழுசாக மூடாமல் லிஃப்ட் நகராது. அது நல்லதுக்குத்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவை நெம்பி வெளியே குதிக்கக் கூடாது. உள்ளே காற்று வரும். கயிறு ஒன்றல்ல, பல. இது தெரியாமல்தான் பயந்து சாகிறார்கள்.

வெயில் குறைந்திருக்கிறது.

உன்னவன்


பிப்ரவரி 19

உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டிக்கொண்டு எழுதுவது,

உங்கள் கடிதம் வந்த அன்றே முதல் பதிவைப் போட்டேன். "லிஃப்ட்காரர் பேசுகிறார்" என்று தலைப்பு வைத்தது நான்தான். இரண்டு நாள் ஈ காக்கை இல்லை. மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து "அருமை", "கண் கலங்கிவிட்டது" என்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்நூறு பேர். பதிவைக் கீழே எழுதியிருக்கிறேன், நீங்களும் படியுங்கள்.

"லிஃப்ட் நின்றுவிட்டதா? பயப்படாதீர்கள். கயிறு ஒன்றல்ல, பல. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். உங்கள் பேர் என்ன, யாரைப் பார்க்கக் கிளம்பினீர்கள், சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வெளியே வரும்வரை நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். நம்மைத் தாங்கும் கயிறு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாங்குகிறவனும் அப்படித்தான்."

கடைசி வரி என் பங்கு. ஆண்டவனைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் எழுதினால் எனக்கு உப்பில்லாத மாதிரி இருக்கிறது.

ஒரு சின்னத் தகராறு. லைக் போட்டவர்கள் பேரை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பக்கமாகப் போய்த் திருப்பி லைக் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது என்ன கைமாத்தா? திருப்பித் தரணும்னு யாரு சொன்னா?"

"வாங்கினா தர வேண்டாமாடி? நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அவங்க மூஞ்சியே உனக்குத் தெரியாதும்மா!"

தெரியாவிட்டால் மட்டும் பாக்கி இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. ஒருவர் தனக்கு வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தார். அவருக்கும் பாக்கி இருந்ததால், படிக்காமலே லைக் போட்டுவிட்டேன். படித்த பிறகுதான் தெரிந்தது. எடுத்துவிட்டேன். பதிலுக்கு அவருக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டு அவர் கணக்கை நேர் செய்தேன். இப்போது எதைப் போட்டாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

ஒருவர் கேட்கிறார்: அவர்கள் வீட்டு லிஃப்ட் தரைக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறதாம், ஏன் என்று. பதில் அனுப்புங்கள். அவர் உங்களை "ஐயா" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள்
கணக்கம்மா


மார்ச் 11

கணக்கம்மாவுக்கு,

வெல்டர் உன் பதிவை அறையில் சத்தம் போட்டுப் படிக்கிறான். காலையில் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு, "சுவாமிகளே, தாங்குகிறவன் தண்ணி விடுவானா, இல்ல பக்கெட் எடுத்துட்டு வரட்டுமா?" என்கிறான். ஃபோர்மேன்கூட, "சாமி, அஞ்சாவது மாடி லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு, ஒரு அருள்வாக்கு குடுங்க" என்கிறார். வேலை முடிந்து வந்தால் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கிறது.

லிஃப்ட் கீழே நிற்பதற்கு பிரேக் தேய்ந்திருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. அவர்களுடைய மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டச் சொல். அதுவரை வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றச் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். கதவுக்கு வெளியே நின்று பேர் கேட்கிறேன், பேச்சுக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் எப்போது பேசினேன்? ஸ்பேனரால் கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன். வெளியே ஆள் இருக்கிறது என்று உள்ளே தெரிவதற்கு. அவ்வளவுதான்.

உன்னவன்


ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் ஒரு இன்ஜினியர் அம்மா இருக்கிறார். உங்கள் பதிவுகளை எல்லாம் படித்திருக்கிறாராம். அங்கே லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளவும், புதிதாக வரும் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் தேடுகிறார்களாம். இந்த மாதம் இருபதாம் தேதி வீடியோவில் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் போனால் நாலு நிறுத்தம். மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் வீட்டுக்கே வரலாம்.

சந்தோஷத்தில் குதித்தேன். குதித்த பிறகு உங்கள் மார்ச் மாதக் கடிதம் நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தேடுவது, கதவுக்கு வெளியே நின்று பேசுகிற மனிதரை. அந்தப் பேச்சு நீங்கள் பேசியதில்லை.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மகளும் வெளியூர் போயிருந்தாள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது, "நான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. கை எழுதிவிட்டது. ஊருக்குச் சொல்கிற மாதிரி எழுதினேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். சாமியிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்லியாயிற்று.

அந்த அம்மா என்னென்ன கேட்பார் என்று யோசித்து, பதிவில் வருகிற மாதிரியே பதில்கள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்து சொன்னால் வேலை கிடைத்துவிடும். சொல்ல மனசு வரவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். கிழித்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய், அதனால் எழுதவில்லை.

உங்கள்
கணக்கம்மா


ஏப்ரல் 28

கணக்கம்மாவுக்கு,

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். நீ கேட்காமலே சொல்கிறேன், முதுகு வலிக்கிறது.

நீ எழுதி அனுப்பியதை மனப்பாடம் செய்தேன். வெல்டர்தான் இன்ஜினியர் அம்மாவாக நடித்துக் கேள்வி கேட்டான். தலையில் துண்டு வேறு போட்டுக்கொண்டான். மூன்று நாளில் தடுமாறாமல் ஒப்பித்தேன்.

இருபதாம் தேதி வெல்டர் போனில்தான் பேசினேன். அந்த அம்மா முதலில் கேட்டது அதைத்தான். "உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க பேசறதைப் படிச்சேன். எங்க பசங்களுக்கும் அதைச் சொல்லிக்குடுக்கணும். எங்கே, எங்கிட்ட ஒருதரம் பேசிக்காட்டுங்க."

எல்லாம் நினைவில் இருந்தது, வாய்தான் வரவில்லை. அது நான் சொல்ல வேண்டியதை நீ உனக்கே சொல்லிக்கொண்டது. அதை யாரோ ஒருவரிடம் முதல் தடவையாகச் சொல்ல எனக்கு மனசில்லை.

"மேடம், அதெல்லாம் எழுதறது என் சம்சாரம். லிஃப்டைப் பார்க்கிறது நான். எனக்குப் பேச வராது. கதவைத் தட்டுவேன்" என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து வெல்டர் போனை உதறினான். பிறகு அந்த அம்மா, ஒரு லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைப் போட்டுக்காட்டி, என்ன கோளாறு என்று கேட்டார். "போன்ல கேட்டுச் சொல்ல முடியாது மேடம். மேல ஏறிப் பார்க்கணும்" என்றேன். சிரித்துவிட்டார். "உங்களுக்கு முன்னாடி பேசின மூணு பேரும் போன்லயே ரிப்பேர் பண்ணி முடிச்சுட்டாங்க" என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் கதவு, பிரேக், பூட்டு என்று பேசினோம். அதில் நான் திணறவில்லை.

செப்டம்பரில் சேரச் சொல்கிறார்கள். ஒரே நிபந்தனை, பதிவு எழுதுவது யார் என்று ப்ரொஃபைலில் உள்ளது உள்ளபடி போட்டுவிட வேண்டும். போட்டுவிடு. "அவங்களை எழுதறதை நிறுத்திட வேண்டாம்னு சொல்லுங்க" என்றும் சொன்னார்.

இரண்டு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைவு. வீட்டுக் கடன், மகள் படிப்பு எல்லாம் உனக்குத்தான் தெரியும். இன்னொன்று. உன் பதிவுகளை மறுபடி எல்லாம் படித்தேன். நல்ல மனிதன் அவன். அவன் வர மாட்டான். வாய் திறக்காதவன்தான் வருவான். இவ்வளவு தூரத்தில் இருந்தால்தான் என்னால் இவ்வளவாவது எழுத முடிகிறது. பக்கத்தில் வந்தால் இதுவும் இருக்காது.

இரண்டையும் யோசித்து எழுது. வரலாமா?

உன்னவன்


மே 16

உங்களுக்கு,

பதிவு எழுதுவது நான்தான் என்று ப்ரொஃபைலில் போட்டுவிட்டேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். குறைகிறது. எங்கே இழுத்துப் பிடித்தாலும் குறையத்தான் செய்கிறது.

வாங்க.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லுங்கள், போதும். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். பேசாவிட்டாலும் சரி.

உங்கள்
கணக்கம்மா