உமிக்குள் புதைத்த ஐஸ்

இன்று காலை நெல்லுக் குத்த மில்லுக்குப் போனேன். பின்பக்கம் குவித்திருந்த உமி இரவு மழையில் நனைந்து புளித்த மணம் அடித்தது. "அண்ணை, இந்த உமியை ஆரும் கேக்கினமில்லை. கொளுத்தட்டோ?" என்றார் மில்காரர். கொளுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

நெடுந்தீவில் உமிக்கு ஆள் என்றால், கூட்டாளி, நீர் ஒருவர்தான். வைக்கோலை மாடு தின்னும், தவிட்டைக் கோழி தின்னும், உமியை யார் தின்பது என்று நான் சலித்துக்கொண்டபோது, "என்னட்டைத் தாரும், நான் ஐசுக்குப் போடுறன்" என்றீர். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏற்றி வரும் ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றி, உம்முடைய மரப்பெட்டியில் அடியிலும் மேலிலும் உமி கொட்டி மூடிவைப்பீர். மீன் பிடிபடும்வரை கட்டி கட்டியாகவே கிடக்கும். பதிலுக்கு, கரையொதுங்கிய கடற்பாசியை வாரி வந்து பசளைக்கென்று என் தோட்டத்தில் கொட்டுவீர். என் மனைவி மூக்கைப் பொத்தினால், "உங்கட சோத்துக்குத்தான் தங்கச்சி" என்று சிரிப்பீர்.

பெட்டியை யாராவது திறந்தால் மட்டும் உமக்குக் கோபம் வரும். "மூடும், பாத்தது காணும்! பாக்கப் பாக்க உருகும்."

கார்த்திகைப் புயலில் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்ற அன்றுதான், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நீர் அப்படியே சரிந்தீர். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உம்முடைய ஒரே மகள் பாரிசிலிருந்து புறப்பட்டுவிட்டாள். உடலை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பதப்படுத்த வழியில்லை. அவள் வந்து முகம் பார்க்கும்வரை உம்மை வைத்திருக்க எங்களிடம் இருந்தது, மீனுக்கென்று நீர் உமிக்குள் புதைத்த ஐஸ்தான்.

வந்தவர்கள் எல்லோருக்கும் அக்கறை. "ஐஸ் காணுமோ, பிள்ளை வருமட்டும் போதுமோ?" என்று ஆளுக்கொரு தடவை பெட்டியைத் திறந்தார்கள். உமியைக் கிளறினார்கள், பெருமூச்சு விட்டார்கள், மூடாமலே போனார்கள். நான் கத்திப் பார்த்தேன். செத்த வீட்டில் யார் கேட்பார்கள்? பாசம் காட்டியே உருக்கித் தள்ளினார்கள். அந்தச் சனத்தின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. கடலின் மேல் அதைவிட ஆத்திரம்.

மகள் குறிகட்டுவான்வரை வந்துவிட்டாள். காற்று விடவில்லை. பெட்டியில் ஈர உமிதான் மிச்சம். பங்குப் பாதர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி வைச்சிருக்க ஏலாது" என்றார். உம்மைச் சேமக்காலைக் கல்லறையில் அடக்கம் செய்யத் தூக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. காற்று இரைச்சலுக்கு மேலாகக் கத்தினாள்: "மாமா, நான் இறங்குதுறையிலதான் நிக்கிறன். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அப்பாட்டச் சொல்லுங்கோ."

மறுநாள் படகு ஓடியது. வந்தவள் புது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம்.

அவள் போனில் சொன்னதைத்தான் அன்றிலிருந்து சுமந்து திரிகிறேன். உமக்குச் சொல்லத்தான் அவள் தந்தாள். சவப்பெட்டி மூடியாகிவிட்டதே என்று நான் உமக்கு அதைச் சொல்லாமலே நடந்தேன். இப்போது சொல்கிறேன். "பிள்ளை வந்துகொண்டிருந்தவள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னவள்."