சர்க்கரை போல் ஒடிந்த கொக்கி

அன்பு மகளுக்கு,

மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. உன் போன கடிதத்தில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது, இதற்காகவா நான் படித்த கான்வென்டிலேயே உன்னையும் சேர்த்தேன்? பேத்தியையாவது கோடு போட்ட தாளில் எழுதச் சொல்.

பட்டறை விஷயத்தை உன் அண்ணன் தன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பான். நாம் செய்து கொடுத்த கிரேன் கொக்கி ஒன்று ஒரு கிடங்கில் சுமையோடு ஒடிந்து விழுந்து, கீழே நின்ற ஃபிட்டருக்குக் கால் போய்விட்டது. நம்மிடம் முன்பு வேலை பார்த்தாரே, ஒல்லி என்று கூப்பிடுவோமே, அவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை. “உங்க பட்டறைக் கொக்கின்னுதாம்மா நம்பி அடியில நின்னாரு” என்றாள்.

இரும்பு விற்றவன் கலவையில் ஏமாற்றிவிட்டான், அந்த ஒரு கம்பிதான் கெட்டது என்கிறான் உன் அண்ணன். சோதனைச் சாலையிலோ கரி, குரோமியம் எல்லாம் அளவோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஒடிந்த கொக்கியை நானே வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒடிந்த முகம் சர்க்கரைபோல் மணிமணியாக மின்னுகிறது. பதம் கண்ட இரும்பு முதலில் வளைந்து ஆளை எச்சரிக்கும், இப்படிக் கண்ணாடிபோல் ஒடியாது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்ததை மறுபடி மிதமான சூட்டில் வைத்தால்தான் முரட்டுத்தனம் அடங்கும் என்று உலோகவியல் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, “லாரி வாசல்ல நிக்குது, ரெண்டாவது சூடு வேணாம்னு சின்ன முதலாளி சொல்லிட்டாரும்மா” என்றார். சரக்கில் பழுதில்லை, பக்குவத்தில்தான் பழுது.

அதே சூட்டில் வெந்த மற்றக் கொக்கிகள் இன்னும் ஆட்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. கழற்றிவிடுங்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் நானே போன் செய்தேன். சிலர் உடனே கழற்றினார்கள். மற்றவர்கள், “பயப்பட ஒண்ணுமில்லன்னு உங்க பையன் சொன்னாரே, படிச்சவங்க யாராவது எழுதிக் கொடுக்கட்டும்” என்கிறார்கள். “தங்கச்சி ஒரு வரி எழுதினாப் போதும், பழி இரும்புக்காரன் மேல போயிடும்” என்று உன் அண்ணனும் உன்னைத்தான் நம்பியிருக்கிறான். அவனும் நான் பெற்ற பிள்ளைதான். அவன் பெயர் கெடுவதைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் இன்னொருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கக் கூடாது.

கொக்கியில் ஒரு பாதியை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். உன் கருவியில் வைத்துப் பார். அண்ணன் கேட்டதையும் எழுதாதே, நான் சொன்னதையும் எழுதாதே, கண்ணில் பட்டதை எழுதி அந்தந்த இடங்களுக்கு நேரே அனுப்பு. தாமதிக்காதே.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை, சாப்பாடும் பட்டறையில்தான். மறு பாதியைச் சாப்பாட்டு மேசையில் அவன் உட்காரும் இடத்தில் வைத்திருக்கிறேன். வேலைக்காரி துடைக்கும்போதுகூட அதை நகர்த்த விடுவதில்லை.

மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்னைப் பெற்றவள்,
அம்மா