முப்பது விநாடிப் பூட்டு

நாள் 1, காலை 7:15

வண்டி: ஏழாம் நம்பர். பேட்டரி 98 சதவீதம். கேபின் காற்று சரி. சக்கரம் ஆறும் சரி. ஓட்டுநர்: சங்ககிரி நாச்சிமுத்து. உடன் வருபவர்: பொறியாளர் கோகிலவாணி, என் அக்கா மகள். போகுமிடம்: நிலாவின் தென்கோடியில் வெயிலே படாத ஒரு பள்ளத்தின் விளிம்பு. தளத்திலிருந்து ஒன்பது மணி நேர ஓட்டம். வேலை: துளை போட்டுப் பனிக்கட்டி எடுப்பது.

"வண்டியில் செய்த மாற்றங்கள்" என்று இந்தக் குறிப்பேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற ஓட்டுநர்கள் "இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்குக் கட்டம் போதாது.

போன மாதம் இதே வண்டியிலிருந்து துளைக்கருவியின் பேட்டரி இரண்டு களவு போனது. எடுத்தது பக்கத்துக் கொட்டகைக் காண்டிராக்ட் ஆட்கள் என்று ஊருக்கே தெரியும். நிலாவில் யார் திருடப்போகிறார்கள் என்று கதவுக்குப் பூட்டு வைத்தும் பாதுகாப்பு வைக்காமல் விட்டிருக்கிறார்கள் படித்தவர்கள். என் பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த லாரி அலாரம் ஒன்று இருந்தது. மாட்டிவிட்டேன். நானூறு லாரிக்கு சென்ட்ரல் லாக் போட்ட கை இது. பஞ்சாபிலிருந்து ஒருவன் லோடு இல்லாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தான்.

செய்த வேலை: ஓட்டுநர் பக்கத்துப் பூட்டு ஸ்விட்ச் முன்பு நேராகக் கதவு மோட்டாருக்குப் போனது. அதை வெட்டி அலாரம் வழியாக விட்டேன். இனி எவன் உள்ளே கைவிட்டு ஸ்விட்சைத் தட்டினாலும் அலாரம் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். அலாரப் பெட்டியை வண்டியின் வயிற்றில், வெளிப்பக்கம், பேட்டரிக்குப் பின்னால் மறைத்து, போல்ட் தலைகளைச் சீவிவிட்டேன். கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் இழுத்தேன். கதவின் வெளிக் கைப்பிடியையும் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டேன். திருடனுக்கு எதற்குக் கைப்பிடி?

கூடுதல் வசதி: பூட்டைத் திறந்து முப்பது விநாடிக்குள் யாரும் கதவைத் திறக்காவிட்டால் தானே திரும்பப் பூட்டிக்கொள்ளும். மறதிக்கார ஓட்டுநருக்கு வரப்பிரசாதம்.

கொட்டகையில் பத்துத் தடவை சோதித்தேன். பத்தும் வெற்றி. தலைமைப் பொறியாளர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வியப்பு.

நாள் 1, மாலை 4:40

வந்து சேர்ந்தோம். வழியில் கோகிலவாணிக்கு, சிறுவயதில் கிணற்றில் மூன்று நிமிடம் மூச்சடக்கிக் கிடந்த கதையைச் சொன்னேன். போன தடவை இரண்டு நிமிடம் என்றீர்களே என்றாள். படித்த பெண்களிடம் கதை சொல்வது கஷ்டம்.

நாள் 2, காலை 8:05

கோகிலவாணி வெளியே இறங்கினாள். அவள் விண்ணுடையில் காற்று ஆறு மணி நேரத்துக்கு. பிற்பகல் 2:05 வரை.

இறங்கும் முறையை, இதைப் படிப்பவருக்காக எழுதுகிறேன். கேபினுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவு சிற்றறை. அதில் ஒரு கை நெம்புகோல். முதல் இழுப்பில் சிற்றறைக் காற்று பத்து விநாடியில் வெளியேறும், இரண்டாம் இழுப்பில் கதவு திறக்கும். ஆள் போனதும் கதவு தானே மூடிப் பூட்டி, சிற்றறையில் திரும்பக் காற்று நிரம்பும். திரும்பி வரும்போது நான் கேபினிலிருந்து ஸ்விட்சை அழுத்த வேண்டும்.

என் விண்ணுடை தளத்தில் இருக்கிறது. முழங்கால் மூட்டில் கசிவு. வண்டியை விட்டு இறங்காத ஓட்டுநருக்கு உடை எதற்கு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாள் 2, காலை 10:52

கோகிலவாணி மாதிரிப் பெட்டியோடு கதவுக்கு வந்தாள். ஸ்விட்சை அழுத்தினேன். பூட்டு விட்டது. பம்ப் ஓடியது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம், பூட்டு திரும்ப விழுந்தது. பம்ப் நின்றது.

மறுபடி அழுத்தினேன். மறுபடி கீச்.

"ஏனுங் மாமா, கதவு மறுக்காப் பூட்டிக்குதுங்க."

சின்ன விஷயம் அம்மிணி, இரண்டு நிமிடம் என்றேன்.

நாள் 2, காலை 11:25

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிப்பதில் நான் என்றும் சோடை போனதில்லை. ஸ்விட்சை அழுத்தியதும் சிற்றறைக் காற்றைப் பம்ப் உறிஞ்ச வேண்டும், அப்புறம்தான் கதவு விடும். அதற்குத் தொண்ணூறு விநாடி. என் அலாரமோ முப்பது விநாடியில் பூட்டிவிடுகிறது. கொட்டகைக்குள் காற்று இருந்ததால் பம்ப் ஓடவே இல்லை, கதவு உடனே திறந்தது. பத்துக்குப் பத்து வெற்றியின் ரகசியம் அதுதான்.

இருபத்தைந்தாவது விநாடியில் மறுபடி அழுத்திப் பார்த்தேன். சிற்றறையில் திரும்பக் காற்று நிரம்பி, பம்ப் முதலிலிருந்து தொடங்குகிறது. நாற்பது தடவை அழுத்தினேன். பூட்டு விட்டதும் ஃப்யூஸைப் பிடுங்கினேன். அலாரம் செத்தது, பம்பும் செத்தது. கைக்குக் கிடைத்த பம்ப் லைனிலிருந்துதான் அலாரத்துக்குக் கரண்ட் எடுத்திருந்தேன். ஃப்யூஸைத் திரும்பப் போட்டதும் முதல் வேலையாகக் கதவைப் பூட்டியது.

காற்று: 2 மணி 40 நிமிடம்.

நாள் 2, பகல் 12:10

தளத்தோடு பேசினேன். கட்டுப்பாட்டு அறையில் நாகர்கோவில் ஜெபராஜ். உதவி வண்டி கிளம்பிவிட்டதாம். எவ்வளவு விரட்டினாலும் ஏழு மணி நேரம்.

அலாரப் பெட்டியை அவளைவிட்டு உடைக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். உடைத்தால் ஸ்விட்ச் மோட்டாரைப் போய்ச் சேர வேறு வழியே இல்லை, கதவு பூட்டியது பூட்டியபடி நிற்கும் என்றார். அது எனக்கும் தெரியும்.

அலாரத்தின் கையேட்டைத் தேடி எடுத்து வாசித்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, கதவு தெறந்திருக்குன்னு அலாரத்துக்குச் சொல்லுத வயர் ஒண்ணு உண்டும்லா, ஊதாக் கலரு. அதக் குடுத்திருந்தா பூட்டு விட்டதுமே கதவு தெறந்ததா நெனச்சுப் பூட்டாது. பதினோரு வயரும் குடுத்திட்டியளா?"

"நாச்சிமுத்து வேலையில குறை இருக்குமா? பதினொண்ணும் குடுத்தாச்சுங்க" என்றேன்.

அப்படியானால் கோளாறு வேறெங்கோ என்று பொறியாளர்களைக் கூப்பிடப் போனார்.

நாள் 2, பிற்பகல் 1:02

பொறியாளர்கள் ஐம்பது நிமிடமாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதினொன்றும் கொடுத்த அலாரம் இப்படி நடக்கவே முடியாது என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கோகிலவாணி முன் கண்ணாடிக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். காற்றை மிச்சம் பிடிக்க அசையாமல் இருக்கிறாள். அவளை என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். அன்றும் அழாமல் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதுகிறேன். ஊதாக் கம்பியை நான் கொடுக்கவில்லை. வெட்டி, சுருட்டி, கறுப்பு டேப் சுற்றி விட்டேன். லாரிக்கு எப்போதும் அப்படித்தான். அதைக் கொடுத்தால் கதவு லேசாக ஆடினாலும் அலாரம் அலறும், ஓட்டுநர் மறுநாளே வந்து சண்டைக்கு நிற்பான். யாரும் சண்டைக்கு வராததால் வேலை சுத்தம் என்று பெயர் வாங்கினேன்.

ஐம்பது நிமிடம். அவள் காற்றில் ஐம்பது நிமிடம்.

நாள் 2, பிற்பகல் 1:08

ஜெபராஜிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கோகிலவாணியிடமும் சொன்னேன்.

"செரிங் மாமா. அந்தக் கம்பியோட வால் எங்க இருக்குதுன்னு சொல்லுங்க."

குழாயின் வாயில், ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டேப்பை உரித்து, கம்பியை வண்டியின் இரும்புச் சட்டத்தில் தொடவைத்தால் போதும். கதவு திறந்துவிட்டது என்று அலாரம் ஏமாந்துபோகும். அவள் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனாள்.

நாள் 2, பிற்பகல் 1:31

டேப் குளிரில் கண்ணாடியாக இறுகிக் கிடந்திருக்கிறது. அவள் கையுறை ஒவ்வொரு விரலும் வாழைக்காய்த் தடிமன். பாறைச் சில்லால் இருபது நிமிடம் சுரண்டினாள். அவள் மூச்சு என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. டேப் உடைந்தது. கம்பியும் அதோடு, குழாயின் வாயோடு ஒட்ட முறிந்தது.

"போச்சுங் மாமா" என்றாள். அவ்வளவுதான்.

காற்று: 34 நிமிடம். சுரண்டிய வேலையில் அதிகம் இழுத்திருக்கிறாள். ஜெபராஜ் 25 என்கிறார்.

நாள் 2, பிற்பகல் 1:38

பாக்கி இருப்பது நெம்புகோல் ஒன்றுதான். அதற்கு அலாரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். உள்கதவு இறுக மூடினால்தான் அது வேலை செய்யும், கேபினிலிருந்து கயிறு கட்டி இழுக்க முடியாது; சிற்றறைக்குள் ஓர் ஆள் நின்று இழுக்க வேண்டும். விண்ணுடை இல்லாத ஆள்.

ஜெபராஜ் கணக்குச் சொன்னார், நான் கேட்டதால். காற்று போனபின் பத்துப் பன்னிரண்டு விநாடி நினைவு இருக்கும். அதற்குள் இரண்டாம் இழுப்பு. அவள் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தி, கேபின் காற்றைச் சிற்றறைக்குள் விடும் வால்வைத் திறந்துவிட்டால் காற்று நிரம்ப நாற்பது விநாடி. மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தால் ஆள் பிழைத்ததும் உண்டு என்றார். "உண்டு" என்பதை மெதுவாகச் சொன்னார்.

மயங்கிவிட்டால்? வலது கையை நெம்புகோலோடு டேப் சுற்றிக் கட்டப்போகிறேன். விழுந்தால் என் எடையே இழுக்கும். ஊரில் எண்பத்திரண்டு கிலோ. இங்கே பதினான்குகூடத் தேறாது, நெம்புகோலுக்கு இருபது வேண்டும். அதனால் துளைக்கருவியின் பேட்டரி மூன்றை இடுப்பில் கட்டியாயிற்று. களவு போகாமல் காத்த பேட்டரி.

நாள் 2, பிற்பகல் 1:44

கோகிலவாணி வேண்டாம் என்றாள். உதவி வண்டி வரட்டும் என்றாள், கணக்குத் தெரியாதவள் மாதிரி. உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன். எழுந்து கதவருகே போய் நின்றாள்.

இதைக் கண்டெடுப்பவருக்குச் சில திருத்தங்கள். நானூறு லாரி இல்லை. அறுபது இருக்கும். பஞ்சாப்காரன் வந்தது டயர் மாற்ற. கிணற்றில் நாற்பது எண்ணும்வரை இருந்தேன், அதற்கே மூக்கில் ரத்தம் வந்தது. தலைமைப் பொறியாளர் வியந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அலாரம் மாட்டினால் ஊதாக் கம்பியைக் கொடுங்கள். யார் சண்டைக்கு வந்தாலும் கொடுங்கள்.

மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் செய்தால் நுரையீரல் கிழிந்துவிடுமாம். இருக்கும் காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட வேண்டுமாம்.

"வாய மட்டும் மூடிராதீங்க மாமா. உங்களுக்கு அது கஷ்டமில்லீங்க" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, ரேடியோவில் தெரியவில்லை.

டேப் சுருள் எடுத்துக்கொண்டேன். வெளிக் கைப்பிடியை ஓட்டுநர் இருக்கையில் வைத்திருக்கிறேன். யாராவது திரும்ப மாட்டிவிடுங்கள்.

குறிப்பேட்டைக் கேபினிலேயே விட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு போகிறேன்.