நேர்ந்துவிட்ட கிடாய்க்கு நீர் கட்டியது

அன்பு மகன் சேதுபதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உனக்கு நீர் தடையில்லாமல் போய், உடம்பு நோவில்லாமல் இருக்க முனியய்யாவைக் கும்பிடுகிறேன். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் திருப்புல்லாணி தபாலாபீஸில் உறை வாங்கி வந்து எழுதுகிறேன். உன் அக்கா வீரலட்சுமி உச்சிப்புளியிலிருந்து வந்து அய்யாவுக்குச் சோறாக்கிப் போடுகிறாள். என் கையால் சாப்பிட மாட்டாராம். செத்தது ஒரு ஆடு, அதற்கு இத்தனை பேருக்கு ரோஷம்.

கத்தார் வெயிலில் வேலை பார்த்து, கல் அடைத்து, நீ ஆஸ்பத்திரியில் துடித்தபோது, முனியய்யா, என் பிள்ளைக்கு நீரை விடு, உனக்குக் கிடாய் விடுகிறேன் என்று நேர்ந்தவள் நான். மறுநாளே உனக்கு நீர் பிரிந்தது. அந்தக் கிடாயை மேயவிடாமல் கட்டிப்போட்டுத் தவிடும் புண்ணாக்குமாக வைத்து வளர்த்தேன், திருவிழாவில் நம் கிடாய்தான் பெரிதாக நிற்க வேண்டும் என்று. போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறதென்று மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு நீர் கட்டிக்கொண்டதும் பார்க்க வந்த மாட்டு டாக்டர் ஜெயப்பிரியா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். தண்ணி குடிக்காத ஆடு மூத்திரத்தைக் கெட்டியாக்கித்தான் விடும், தவிட்டுச் சத்து அதுல மணலாப் படிஞ்சிரும் என்றாள். காலை அகட்டி, வாலை உதறி, அது முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டு வரவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. வாயிலேயே மூத்திர வாடை அடித்தது. குறி நுனியில நூல் கணக்கா ஒண்ணு இருக்கும், கல்லு அங்கனதான் சிக்கியிருக்கு, நறுக்கிவிட்டாப் போயிரும் என்றாள். நறுக்கினால் ஊனம். ஊனமான கிடாயை முனியய்யா ஏற்க மாட்டார். அய்யா அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏய் முருகு, பாவம்டி, இப்பவே வெட்டிருவோம்டி என்றார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டாமல் வெட்டினால் அது வெறும் கறி. அந்த நேரத்தில்தான் நீ போனில் அழுதாய். யம்மா, அந்த வலி எனக்குத் தெரியும்மா, நறுக்க விடும்மா என்றாய். நீ சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது, அது உன் வலியேதான். உன்னிடமிருந்து எடுத்து முனியய்யா அதனிடம் வைத்திருக்கிறார். அங்கிருந்தும் எடுத்தால் அது எங்கே போகும்? போனை வைத்தேன். டாக்டரம்மாவை வாசலோடு அனுப்பினேன்.

சாயங்காலம் கிடாயின் கத்தல் நின்றுவிட்டது. எழுந்து அமைதியாக நின்று என்னைப் பார்த்தது. முனியய்யா மனம் இரங்கிவிட்டார் என்று சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். வயிறு மட்டும் இரண்டு பக்கமும் தொங்கியது. விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது. நீர்ப்பை வெடித்தால் வலி நின்றுவிடுமாம், கழிவெல்லாம் வயிற்றுக்குள் கொட்டி ரத்தத்தில் ஏறுமாம். பிறகு ரோட்டில் பார்த்தபோது டாக்டரம்மா இதைச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். அய்யா ஒரு கருவேல மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார்.

நேர்ச்சை அப்படியே நிற்பதால் வேறு குட்டி வாங்கிவிட்டேன். இதற்கு லாரித் தண்ணீர்தான், நாங்கள் குடிப்பதையே வைக்கிறேன். காலையில் இது நீர் விடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தாராளமாகப் போனால், அங்கே உனக்கும் போய்விட்டது என்று எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன். நீதான் பேசுவதில்லையே, வேறு எப்படி நான் தெரிந்துகொள்வது? இதற்கும் கட்டினால், இதையும் நறுக்க விடமாட்டேன். அப்போதும் நீ அழுதுகொள்.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு. வெயிலில் இறங்குமுன் வயிறு நிறையத் தண்ணீர் குடி.

உன்னைப் பெற்றவள்,
முருகலட்சுமி