ரீசெட்டை அமத்திப் பிடிச்சனீரோ

ஒக்டோபர் 17, வெள்ளி

பின்னேரம் சீனன்குடாப் பக்கம் இடி முழங்கியது. இடி கேட்டால் எல்லாப் பிளக்கையும் இழுத்துவிடுவது இந்த வீட்டு வழக்கம். நானும் ஓடிப்போய் இழுத்தேன். என் வீட்டுக்காரர் ஆட்டத்தை இடையில் நிறுத்தி போஸில் வைத்துவிட்டு கிளினிக்குக்குப் போயிருந்தது பிறகுதான் உறைத்தது.

பாரிசவாதத்தில் விழுந்த வலது கைக்குப் பயிற்சியாக இவர் தொடங்கிய பழைய வீடியோ கேம் அது. ஏழு மாதத்தில் கடைசிக் கோட்டை வாசல்வரை வந்துவிட்டார். ரீசெட்டை அமத்திப் பிடித்துக்கொண்டுதான் பவரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சேமித்ததெல்லாம் அழிந்தாலும் அழியும் என்று எத்தனை தரம் காட்டித் தந்தவர்! எருமை மாதிரித் தலையாட்டினேன்.

வந்தவர் கேம் பெட்டி இருக்கும் ஹோலில் கொஞ்ச நேரம் தனியே இருந்தார். நான் சமையலைச் சாட்டிக் குசினியை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடும்போது கேட்டார்.

"இடிக்கு நிப்பாட்டேக்கை ரீசெட்டை அமத்திப் பிடிச்சனீரோ?"

"ஓம், பிடிச்சனான்."

"அப்ப சரி. நாளைக்கு முடிச்சிடுவன்."

கை கழுவியதும் போய்ப் படுத்துவிட்டார்.

இதை எழுதும்போதுதான் இன்னொன்று நினைவு வந்தது. பிளக்கை இழுத்தேனே தவிர, கேம் பெட்டியின் பவர் பொத்தானை நான் தொடவேயில்லை. அது ஓனில் அமுங்கியபடியே கிடந்தால் காலையில் பொய் பிடிபட்டுவிடும். எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

பொத்தான் வெளியே வந்திருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என்னிடம் கேட்பதற்கு முன்பே அவர் அதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்.