தகரப் பெட்டியின் சாவி

அன்புள்ள அம்மா,

அறுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்று நீயே எழுதிய முதல் கடிதம் வந்தது. ஒரே வரி: "அப்பா கடுதாசி இருக்கற பெட்டிச் சாவி எங்கடி?"

நம் ஊர்க் கலீசியப் பேச்சில் நான் எழுதிய புத்தகத்தைப் பாராட்டுகிறார்கள். மீன் ஆலைக்காரி மகளுக்குக் கதைகட்ட யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பதினோரு வயதில், கடல் தாண்டிப் பிழைக்கப் போன அப்பா புவனோஸ் ஐரிஸிலிருந்து எழுதிய கடிதங்களை உனக்கு வாசித்தவள் நான்தான். மத்தி நாற்றம் போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாய்.

அம்மா, அவர் உன்னைத் 'தங்கமே' என்று எழுதியதில்லை. உனக்காக எலுமிச்சை மரம் நட்டதாகவும் எழுதவில்லை; அதெல்லாம் நானாகச் சேர்த்து வாசித்தது. அங்கே அவர் இருந்த வீட்டில் தனியாகவும் இல்லை.

ஒருமுறை, ஜூன் மாதம் புனித யோவான் திருநாள் நெருப்பில் மத்தி சுட்டாராம், வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றினாராம் என்று வாசித்தேன்.

நீ சிரித்துவிட்டாய். "பக்கத்து வீட்டு டோசிண்டா புருஷனும் அங்கதானே இருக்கான். அங்க ஜூன்ல நடுங்குற குளிராமேடி!"

நான் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். நீ என் தலையைக் கோதி, "சரி சரி, மேல படி" என்றாய்.

சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். திறப்பது உன் இஷ்டம். நான் இன்றைக்கும் எழுதுவது அந்த "மேல படி"யைக் கேட்கத்தான்.

உன் மகள்