இடது ஓரம்

17-1-82, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் கிளம்பினோம். என் அம்பாசடர் முன்னால். இருபதடிக் கயிற்றில் தம்பி மரியராஜின் வண்டி பின்னால். பழங்காநத்தத்திலிருந்து பேரையூர்ப் பொட்டல் வரை அவனை இப்படி இழுத்துக்கொண்டு போவது இரண்டு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. தெருவுக்குத்தான் இன்னும் பழகவில்லை. வாசலுக்கு வாசல் நின்று பார்க்கிறார்கள்.

பழைய ஹெரால்டு கார் ஒன்றின் கதவு, கூரை, கண்ணாடி, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மெல்லிய அலுமினியத் தகட்டால் மூடியிருக்கிறான். ஒரே சீட்டு. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை; அதனால் ரோட்டில் ஓட்டவும் முடியாது, இழுத்துத்தான் போக வேண்டும். மில்லில் வாரம் பூராவும் எந்திரங்களோடு மல்லுக்கட்டும் இஞ்சினியர், ஞாயிற்றுக்கிழமையானால் எதைக் கழற்றினால் இன்னும் லேசாகும் என்று இதைச் சுற்றிச் சுற்றி வருகிறான். "ஒங்க தம்பிய அதுலருந்து எறக்குங்க மதினி, ரொம்ப லேசாகும்" என்கிறாள் அவன் மனைவி சூசையம்மாள்.

பொட்டலில் இருப்பது உலகச் சண்டைக் காலத்தில் விமானம் இறங்கப் போட்டு, அப்படியே விட்டுவிட்ட தார்த்தளம். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஏழெட்டு வண்டிகள் வந்திருந்தன. தகர டிரம்களை நிறுத்தி வளைவுகள் உண்டாக்கி, ஒவ்வொருவராக ஓட்டினார்கள். மரியராஜ் இரண்டு டிரம்மைத் தட்டிவிட்டான். பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறதாம்.

அவர்கள் வேகம் எனக்குப் பிடிபடுவதில்லை. எனக்குப் பிடித்தது போகிற வழிதான். ஸ்டியரிங் என் கையில், பின்னால் தம்பி. இந்தத் தெருவில் கார் ஓட்டும் ஒரே பெண்பிள்ளை நான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள், கார் வந்த பிறகு அதை விட்டுவிட்டு மைலேஜ் கேட்கிறார்கள்.

திரும்பும்போது தெருமுனையில் பால்காரர் ஒருவர் சைக்கிளோடு எங்கிருந்தோ வந்து விழுந்தார். அடியில்லை. இந்த ஊரில் யாரும் பார்த்து ஓட்டுவதில்லை.

24-1-82

கேட் தூணில் மறுபடியும் உரசல். கொத்தனாரை வரச்சொல்லித் தூணைத் தள்ளி வைக்க வேண்டும்.

31-1-82, ஞாயிறு

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏன் எழுதுகிறேன்? எழுதினால் நிற்கும் என்றுதான்.

திருமங்கலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் தகடு கிழிகிற சத்தம். கயிறு காரையே வெடுக்கென்று இழுத்தது. நிறுத்திவிட்டு ஓடினேன். ரோட்டின் இடது ஓரத்தில் பருத்திச் சாக்கு ஏற்றிய மாட்டு வண்டி. அதன் சக்கரத்தின் நடுவே துருத்திய குடம் மரியராஜின் வண்டியை முன்னாலிருந்து சீட்டு வரை கிழித்திருந்தது. என் காரில் ஒரு கீறல்கூட இல்லை. கிழிந்த தகட்டுக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையாது.

வண்டிக்காரர் வேப்பமர நிழலிலிருந்து எழுந்து வந்தார். "ஏம்மா, மல மாதிரி நிக்கிது வண்டி. கண்ணு எங்க போச்சு?" கேட்டது என்னை. நான் தம்பியைப் பார்த்தேன்.

"என்னக்கா பாக்குற? நீ போற தடத்துலதான கயிறு இழுக்கும்? ஸ்டியரிங்க ஒடிச்சேன், வரல."

"நீ பாத்திருந்தா முன்னாலயே ஒடிச்சிருப்ப."

"நீ பாக்கலயா?"

"நான் வாரப்ப வண்டி அங்க இல்ல. பெறகு நகந்துருக்கு."

"மாட்டை அவுத்துப் போட்ட வண்டியக்கா!"

கயிற்றைச் சுருட்டினேன். அவனுக்கு உதடு வெளுத்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

1-2-82

அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் தொடங்கியது. முதலில் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். பிறகு படியில் தடுமாறினார். ஐம்பத்திரண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார். மரியராஜ் அப்போது சின்னவன், அவனுக்கு நினைவிருக்காது.

டிரம் இரண்டு. இப்போது மாட்டு வண்டி.

அவனைவிட ஐந்து வயது பெரியவள் நான். கண்ணாடிகூட இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன். பரீட்சைத் தாளில் பிள்ளைகளின் கிறுக்கலையெல்லாம் படித்துவிடுகிறேன். அப்பாவின் கண் அவனுக்குத்தான் வந்திருக்கிறது. மாதாவே, அந்த வேகத்தில் போகிறவனுக்கா?

4-2-82

சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான். பிறகு கோபம்.

"ஒனக்குக் கிறுக்காக்கா? வண்டியக் கிழிச்சது நீ, கண்ணு கெட்டது எனக்கா?"

சூசையம்மாள் என் பக்கம். "போய்க் காட்டிட்டு வந்தா என்ன, கண்ணத் தோண்டியா வச்சுக்கிருவாக?"

"சரி, வாரேன். ஆனா நீயும் காட்டணும். மாட்டு வண்டிக்கு ரெண்டு பேருந்தான் சாட்சி."

அவன் வந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

6-2-82, சனி

டாக்டர் கைலாசநாதன் மரியராஜை முதலில் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு அழுத்தம் பார்த்தார். பிறகு கறுப்புத் துணி போர்த்திய ஒரு பலகை. நடுவில் வெள்ளைப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே பார்க்க வேண்டும். டாக்டர் கறுப்புக் குச்சியின் நுனியில் வெள்ளை மணி ஒன்றை ஓரத்திலிருந்து கொண்டுவருவார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். மரியராஜ் "தெரியுது, தெரியுது" என்று விளையாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது.

பிறகு நான் உட்கார்ந்தேன். புள்ளியைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொல்கிறார்போல என்று காத்திருந்தேன். கடைசியில் நானே சொன்னேன்: "ஆரம்பிங்க டாக்டர்."

"ஆரம்பிச்சு நேரமாச்சும்மா."

மரியராஜ் சிரிக்கத் தொடங்கினான், பாதியில் நிறுத்திவிட்டான். அப்போதுதான் அந்த மணி புள்ளிக்குப் பக்கத்தில் தெரிந்தது. எங்கிருந்தோ வந்ததுபோல.

இரண்டு கண்ணிலும் அழுத்தமாம். ஓசையில்லாமல் ஓரங்களைத் தின்றுகொண்டு வருமாம். நடுப்பார்வை கடைசிவரை இருக்கும், அதனால் ஆளுக்கே தெரியாது என்றார். போனது திரும்பாது; சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"கார் ஓட்டுறீங்களாம்மா?"

மரியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுகிறேன் என்றேன்.

"இனிமே வேண்டாம்."

வெளியே வந்ததும் காரின் வலது பக்கக் கதவைத் திறந்தேன். "அக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினேன்.

7-2-82

மாட்டு வண்டி அங்கேதான் நின்றிருக்கிறது.

10-2-82

கறுப்பாகத் தெரிந்திருந்தால் கறுப்பு என்று அறிந்திருப்பேனே! தெரியாத இடம் தெரியாத இடமாகவும் தெரியவில்லை. ரோடு முழுசாக இருந்தது. வகுப்பு முழுசாக இருந்தது. போன மாதம் ஒரு பெண்ணை, பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கத் தெரியாதா என்று திட்டினேன். சன்னலோரம் எழுந்துதான் நின்றிருக்கிறாள். அழுதாள். திமிர் என்று நினைத்தேன்.

பால்காரர். தூண். எல்லாம் எங்கிருந்தோ வந்து என்மேல் மோதியதாக இத்தனை நாளும் நம்பியிருக்கிறேன்.

அந்தச் சக்கரக் குடம் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால்? அவன் செத்துக் கிடந்தால்கூட, பார்த்து ஒடித்திருக்கக் கூடாதா என்றுதான் நான் கேட்டிருப்பேன்.

14-2-82

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறானாம்.

"நீ இல்லாம எனக்கு அது எதுக்குக்கா?"

"எனக்காக எதையும் போடாத. எழவு வீடு மாதிரி எல்லாரும் மெதுவாப் பேசாதீங்க." கத்திவிட்டேன். அவனுக்குக் கண் கலங்கியது. பிறகு, எதிரில் நின்ற சூசையம்மாளைக் காட்டி, "இவ இழுக்கட்டும். நான் பழக்குறேன்" என்றேன்.

"நானா? நல்லாருக்கே! சைக்கிள்கூட ஏறுனதில்ல மதினி. அதுவும் தவக்காலம் பொறக்கப் போற நேரத்துல!"

"தவக்காலத்துக்குக் கஷ்டப்படணும்ல? படு" என்றான் மரியராஜ்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னொருத்தி என் சீட்டில் உட்காருவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

2-3-82

மைதானத்தில் பாடம். நான் இடது சீட்டில். அவள் கிளச்சை விடும்போதெல்லாம் கார் தவளை மாதிரி குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு "சேசுவே". கியர் மட்டும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

"இடது பக்கம் பாத்துத் திருப்பு" என்றேன்.

"பாத்துட்டேன். நீங்க பாக்காமயே சொல்றீங்க" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

14-3-82, ஞாயிறு

மரியராஜும் சூசையம்மாளும் மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சமயநல்லூர் போயிருந்தார்கள். சாவி ஆணியில் தொங்கியது. நன்றாகத்தான் தெரிகிறது எனக்கு. எதிர்வீட்டு எண்கூடத் தெரிகிறது. தெருமுனை வரை போய்த் திரும்பினால் யாருக்கு என்ன?

எடுத்தேன். கேட் வரை வந்தேன். அங்கே யாரோ சிரித்தார்கள். எங்கே? எதிரில் யாரும் இல்லை. தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த வீட்டு மாயக்காள், முறத்தோடு, மட்கார்டுக்கு ஒரு முழம் தள்ளி.

"வெயில்ல எங்க கெளம்பிட்டீக டீச்சர்?"

எஞ்சினை அணைத்தேன். கால் வெகுநேரம் பிரேக்கிலேயே இருந்தது.

மாலையில் சாவியைச் சூசையம்மாள் கையில் கொடுத்து, இனி உன்னிடமே இருக்கட்டும் என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

21-3-82

சொட்டு மருந்து விட்டால் தலைவலி. வலியாவது இருப்பது தெரிகிறது.

18-4-82, ஞாயிறு

ஈஸ்டர் முடிந்து முதல் ஓட்டம். சூசையம்மாள் இழுத்தாள். லைசென்ஸ் போன வாரம்தான் வந்தது. கிழிந்த பக்கத்துக்கு மரியராஜ் புதுத் தகடு அடித்திருக்கிறான். கூடுதல் எடை என்று அதற்கும் ஒரு முனகல்.

பொட்டலில் டிரம்களுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களின் தலைகள் வண்டியோடு சேர்ந்து திரும்பின. எனக்கு வண்டி வந்தது, போனது. நடுவில் ஒரு கணம் அவன் தொப்பி. ஒரு டிரம்மும் விழவில்லையாம். பிரேக்கைச் சரிசெய்துவிட்டான். அவன் ஓட்டம் எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியெல்லாம் சூசையம்மாள் வாய் ஓயவில்லை. "இந்தா எடப்பக்கம் ஒரு எரும. பொட்டிக்கட. ரெண்டு பொம்பளைக வெறகோட போறாக. பாலம்..."

"நான் ஓட்டலயே சூசை. எனக்கு எதுக்குச் சொல்ற?"

"ஒங்களுக்கா சொல்றேன்? எனக்கே சொல்லிக்கிட்டாத்தான் பயமில்லாம இருக்கு மதினி."

எரிச்சலாக இருந்தது. முன்னால் தெரிந்த ரோட்டையே பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் அவள் பேச்சு நின்றது. என் தோளுக்குப் பக்கத்தில் சன்னல் திறந்திருந்தது. அனல் காற்று அடித்தது. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பவில்லை.

"இப்ப என்ன போகுது?" என்று கேட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒன்னுமில்ல மதினி. வெறும் பொட்டல்."